சாமி படத்துக்குப் பின்னால் ஒரு பாலம்

என் அப்பாவின் முகம் எனக்குத் தெரியாது. "பாக்காம இன்னா, தூக்கி வெச்சிக்கினு கடக்கரையெல்லாம் சுத்துவாரே" என்று அம்மா சொல்வாள். தவழ்கிற வயதில் பார்த்ததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு நடை வருவதற்குள் ஒரு காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. குப்பத்தில் எல்லாருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியாது. சின்ன வயதில் எனக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

அப்பாவுக்குச் சலங்கில் வேலை. புதுச்சேரியில் கப்பல் கரையை ஒட்டி வராது, தூரத்திலேயே நங்கூரம் போட்டு நின்றுவிடும். சலங்கு என்கிற பெரிய படகை அதன் அருகே கொண்டுபோய்ச் சரக்கை இறக்கி, கடலுக்குள் நீண்டிருந்த இரும்புப் பாலத்துக்குக் கொண்டுவருவார்கள். அங்கிருந்து மேலே ஏற்றுவார்கள். அப்படி ஒருநாள் சலங்குகள் பாலத்தை ஒட்டி நின்றபோது யாரோ ஒரு படக்காரர் கரையிலிருந்து படம் எடுத்திருக்கிறார். ஊரைப் பார்க்க வருகிறவர்கள் வாங்கி அனுப்புவதற்காக அதைத் தபால் கார்டாகவும் அடித்துவிட்டார். ஆட்களைக் கேட்டா எடுத்தார்? பாலம் அழகாக இருந்தது, எடுத்தார். அவ்வளவுதான்.

அம்மா அந்தக் கார்டைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். மீன் கூடையோடு வெள்ளைக்காரத் தெருக்களுக்குப் போகிற வழியில் ஒரு கடை. வாசலில் கயிறு கட்டிக் கார்டுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். கலங்கரை விளக்கம், கவர்னர் மாளிகை, கோயில் தேர், அதற்குப் பக்கத்தில் பாலம். பாலத்தடியில் அப்பா. அம்மா கூடையை இறக்காமல் நின்று பார்த்திருக்கிறாள். கடைக்காரர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

"ஆளே வூட்ல இருக்காரு, படம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாளாம், அவர் சிரித்தாராம். அதற்குப் பிறகுதான் நான் பிறந்தேன், அப்புறம் காய்ச்சல் வந்தது. காரியமெல்லாம் முடிந்து அவள் அந்தக் கடையைத் தேடிப் போனபோது கடை மூடியிருந்தது. உலகச் சண்டைக் காலம், ஊர் பார்க்க வருகிற கப்பல் ஏது? கடைக்காரர் எந்த ஊருக்குப் போனார் என்றும் யாருக்கும் தெரியவில்லை.

இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். "வாங்கித் தொலைச்சிருந்தா இன்னா?" என்று கத்துவேன். அம்மா என் காலைப் பார்ப்பாள். "மொதல்ல நெலப்படிலேர்ந்து கால எடு" என்பாள். நிலைப்படியில் கால் வைத்தால் வீட்டுக்கு ஆகாது. எனக்கோ கோபம் வந்தால் கால் தானாக அங்கே போய்விடும். எத்தனை திட்டு வாங்கியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கார்டு சேர்க்கும் பைத்தியம் எனக்கு ஐம்பத்து நான்கில் பிடித்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம். நான் பாவாடை தாவணிக்கு மாறியிருந்தேன். கடற்கரை ஓரத்து வீடுகளில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அம்மாவின் கூடைக்குள் ஒரு கட்டு கார்டு கிடந்தது. அம்மா மீன் கொடுக்கிற வீட்டுச் சமையல்காரர், "அடுப்புக்குப் போடத்தான் சொன்னாங்க, படம் நல்லாருக்குதே, புள்ளைக்குக் குடு" என்று கொடுத்தாராம். எல்லாம் வெளியூர்க் காட்சிகள். மார்செய்ல் துறைமுகம், கொழும்பில் தென்னை மரங்கள், சூயஸ் கால்வாயில் ஒரு கப்பல், பிறகு ஈஃபில் கோபுரம். கோபுரத்துக்குத் தலை இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் தபால்தலையைப் படத்தின் மேலேயே ஒட்டி அனுப்புவார்கள். தபால்தலை சேர்க்கிறவர்கள் பின்னால் வந்து அதை மட்டும் உரித்துக்கொண்டு போய்விடுவார்கள். வானத்தில் எப்போதும் ஓர் ஓட்டை இருக்கும்.

அந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அடுப்புக்குப் போகிற அளவுக்குக் கார்டுகள் இந்த ஊரில் மலிந்து கிடக்கின்றன என்றால், அம்மா வேண்டாம் என்று சொன்ன அந்தக் கார்டும் எங்கேயாவது கிடக்கத்தான் வேண்டும். ஒன்றா அடித்திருப்பான்? கட்டுக்கட்டாக அடித்திருப்பான். ஒன்று போதும் எனக்கு. அதை எடுக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன். அம்மாவிடம் சொன்னபோது "பாலமே பூட்ச்சி, இனிமே கார்டு எங்க இருக்கப்போவுது" என்றாள். அது உண்மைதான். அதற்கு முன்பு அடித்த பெரும் புயலில் இரும்புப் பாலம் விழுந்திருந்தது. கடலுக்குள் அங்கங்கே கம்பங்கள் மட்டும் காக்கை உட்காரத் துருத்திக்கொண்டு நின்றன. அதனால்தான் அந்தக் கார்டு எனக்கு இன்னும் அதிகமாக வேண்டியிருந்தது.

பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினேன். கன்னியர் மடத்துத் தையல் கூடத்தில் பூவேலை செய்து வாங்கிய கூலியில் அம்மாவுக்குத் தெரியாமல் கொஞ்சம் கார்டுகளுக்குப் போகும். பிஸ்கட் தகர டப்பாக்களில் ஊர் ஊராக அடுக்கினேன். பொய் சொல்ல மாட்டேன், தேடப் போன இடத்தில் எனக்கு ஆசையும் ஒட்டிக்கொண்டது. பனிமலையும் ஏரியும் இருக்கிற ஒரு கார்டை மூன்று நாள் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். சைகோனின் பெரிய சந்தை என் தகரத்தில் ஐந்தாறு கோணங்களில் இருந்தது. பாலம் மட்டும் இல்லை.

இந்த வேட்டையில்தான் சொல்தா எனக்கு அறிமுகமானார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவர் சைகோனில் இருந்து திரும்பியவர். மனைவி காலமாகிவிட்டார், மகன் பிரான்சில். நெட்டையான ஆள். பிரெஞ்சு மரியாதைப்படி நான் அவரை முசியே என்று கூப்பிடுவேன். வெயிலோ மழையோ, குடை இல்லாமல் வெளியே வரமாட்டார். பழைய சாமான் கடையில் நான் ஒரு கார்டைக் கையில் எடுத்தால், பின்னாலிருந்து குடைக் காம்பு நீண்டு வந்து அந்தக் கார்டைத் தொடும். "அத நான் மொதல்லயே பாத்து வெச்சதும்மா" என்பார். பார்த்திருக்கவே மாட்டார்.

சண்டை போட்டுப் போட்டே பழகிவிட்டோம். மாற்றிக்கொள்ளவும் ஆரம்பித்தோம். வெளியூர்க் கார்டு ஒன்றுக்கு ஒன்று. புதுச்சேரிக் கார்டு என்றால் வெளியூர் இரண்டு. இது அவர் போட்ட சட்டம். அவரிடம் நம் ஊர்ப் படங்கள் ஏராளமாக இருந்தன. கார்டின் மூலையில் சின்னதாக எண் அடித்திருக்கும், அந்த வரிசைப்படி ஆல்பத்தில் செருகி வைத்திருந்தார். முதல் தடவை அதைக் காட்டியபோது ஓரிடம் காலியாக இருந்தது.

"இங்க இன்னா முசியே?"

"பாலம். சலங்குங்கள்லாம் நிக்கும். அது ஒண்ணுதான் எங்கிட்ட வர மாட்டேங்குது" என்றார்.

அப்பா கதையை நான் சொல்லவில்லை. எனக்கு அது ஏன் வேண்டும் என்று தெரிந்தால் அவர் எனக்கு முன்னால் ஓடுவார், கிடைத்தால் விலையை ஏற்றுவார். அந்த அளவுக்கு அவரை நான் அறிந்திருந்தேன். "கெடைக்கும் முசியே" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அவருக்கு முன்னால் நான் எடுத்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

இரண்டு மூன்று வருஷம் இப்படிப் போனது. பாலத்துக் கார்டு மட்டும் அகப்படவில்லை. பிறகு ஒரு சரஸ்வதி பூஜைக்கு முந்தைய வாரம், சாமி படங்களை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்த அம்மா முருகனைக் கீழே போட்டுவிட்டாள். கண்ணாடி விரிந்துவிட்டது. விரிந்த கண்ணாடியோடு பூஜை செய்யக் கூடாது. படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பெரிய மார்க்கெட் பக்கத்தில் இருந்த படக்கடைக்குப் போனேன். சட்டம் அடித்துக் கண்ணாடி போடுகிற கடை. முருகன் வாங்கியதும் அதே கடையில்தான்.

கடைக்காரர் படத்தைக் கவிழ்த்துப் போட்டு, பின்னால் ஒட்டியிருந்த தாளைக் கத்தியால் கீறினார். குறடால் ஆணிகளைப் பிடுங்கினார். முருகனுக்கு முட்டுக்கொடுத்திருந்த அட்டையை எடுத்து ஓரமாகப் போட்டார். நான் பார்த்தேன். அது அட்டை இல்லை. தலை முழுசாக இருந்த ஈஃபில் கோபுரம்.

"அண்ணே, இன்னா இது?"

"இன்னா, அட்டைதான். சண்டைக் காலத்துல அட்டை ஏது? கார்டுக் கடைக்காரன் ஒருத்தன் கடைய மூடறப்போ, மிச்சம் மீதியெல்லாம் எடைக்குப் போட்டான். மூட்ட மூட்டயா இருந்திச்சி. நல்ல தடிமன், பூச்சி அரிக்காது. ரொம்ப வருசம் அத்த வெச்சித்தான் ஓட்னேன்."

எந்தக் கடை என்று கேட்டேன். வாசலில் கயிறு கட்டித் தொங்கவிடுவானே, அந்தக் கடைதான் என்றார். நம் ஊர்ப் படமும் அதில் இருந்ததா என்று கேட்டேன். "எவன் பாத்தான்? சாமிக்குப் பின்னால போறதுதான" என்றார்.

அம்மா வேண்டாம் என்று சொன்ன கார்டு அடுப்புக்குப் போகவில்லை. அது இந்த ஊரில் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு சாமியின் முதுகில் இருக்கிறது. தினமும் கற்பூரம் காட்டுகிறார்கள், யாருக்கும் தெரியாது. கடையிலிருந்து வீடு வரைக்கும் முருகனை மார்போடு அணைத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினேன்.

எந்தெந்த வீடு என்று கடைக்காரருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அவருடைய வேலையை அடையாளம் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. பூச்சி வராமல் இருக்க மாவுப் பசையில் மயில்துத்தம் கலந்துதான் பின்தாளை ஒட்டுவார். வருஷம் ஆக ஆக, தாளின் ஓரத்தில் பச்சையும் நீலமுமாகக் கறை ஏறும். வேறு கடைப் படங்களில் அது இருக்காது. ஆகவே படத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும். ஓரம் நீலமாக இருந்தால் உள்ளே கார்டு இருக்கலாம்.

பார்ப்பது எளிது, பிரிக்க விட வேண்டுமே! வீட்டில் மாட்டிய சாமியை யாராவது சும்மா பிரிக்க விடுவார்களா? கண்ணாடி விரிந்தால் பிரிக்கலாம், செல்லரித்தால் பிரிக்கலாம். மற்றபடி ஆணி பிடுங்கினால் குடும்பத்துக்கே ஆகாது என்பார்கள். அதனால் நான் ஒரு தொழில் ஆரம்பித்தேன். சரஸ்வதி பூஜைக்கும் பொங்கலுக்கும் முன்னால் எல்லா வீட்டிலும் படங்களை இறக்குவார்கள். அந்த நாட்களில் குறடு, சின்னச் சுத்தி, பசைச் சட்டி, புதுத் தாள், கொஞ்சம் வெறும் அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். "பின்தாள் கிழிஞ்சிருந்தா சும்மாவே மாத்தித் தர்றேங்க, செல்லு ஏறாது." காசு வேண்டாம் என்றால் முதலில் சந்தேகப்படுவார்கள், அப்புறம் படத்தை எடுத்து நீட்டுவார்கள்.

குப்பத்தில் சிரித்தார்கள். "சாமி முதுவ சொறியறவ" என்று எனக்குப் பேரே வைத்தார்கள். பெண் பார்க்க வந்த ஒரு அத்தை, என் பையில் இருந்த குறடைப் பார்த்துவிட்டுக் காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பிப் போனாள். எனக்கு வருத்தம் இல்லை. அம்மாதான் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள் அவளே, "கோயிலுக்குப் பின்னால ஒரு வூட்ல பெரிய பெருமாள் படம் இருக்குது, ஓரமெல்லாம் நீலம்" என்று துப்புக் கொடுத்தாள். மீன் விற்கப் போகிற வீடுகளில் எல்லாம் அவளும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

எத்தனை சாமிகள்! எத்தனை ஊர்கள்! லட்சுமிக்குப் பின்னால் நீஸ் கடற்கரையில் குடை விரித்த பெண்கள். கிறிஸ்தவர் வீட்டு மாதா படத்துக்குப் பின்னால் தஞ்சாவூர்ப் பெரிய கோயில். ராமர் பட்டாபிஷேகத்துக்குப் பின்னால், பெரிய படம் ஆனதால், நாலு கார்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அதில் ஒன்று நம் கலங்கரை விளக்கம். அதைக் கண்டதும் அந்த வீட்டுக் கூடத்திலேயே கூவிவிட்டேன். அதே வரிசை, மூலையில் அதே எண் அடிப்பு. பாலமும் இதே மூட்டையில்தான் இருந்திருக்க வேண்டும்.

முத்தியால்பேட்டையில் ஒரு வீடு. வாசலிலிருந்தே தெரிந்தது. இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்த நடராசர், ஓரமெல்லாம் அடர் நீலம். நான் பையைத் திறப்பதற்குள் அந்த வீட்டம்மாள் நான் எந்தப் பக்கத்துப் பெண் என்று கேட்டாள். சொன்னேன்.

"மீன் தொட்ட கையால சாமியத் தொடுவியா? போ, போ."

நான் தொட்டது ஊசியும் நூலும்தான் என்றேன். கை கழுவிக்கொள்கிறேன் என்றேன். நீங்களே பிரியுங்கள், நான் வெளியே நின்று சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். "நெலப்படில கால வெச்சிக்கினு சட்டம் பேசுற. எட்றி கால!" என்றாள். அப்போதுதான் பார்த்தேன், கால் அங்கேதான் இருந்தது. எடுத்தேன். சலங்கில் வந்த அரிசியையும் துணியையும் என் அப்பா தொட்டுத் தூக்கித்தானே உங்கள் வீட்டுக்கெல்லாம் வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை, தெருமுனைக்கு வந்தபிறகு தோன்றியது. அடுத்த பூஜைக்கும் போனேன். அதற்கடுத்த பொங்கலுக்கும் போனேன். அந்தம்மாள் என்னைக் கண்டதும் கதவைச் சாத்தப் பழகிக்கொண்டாள்.

அறுபத்திரண்டு பிறந்தது. ஊரில் எல்லாரும் ஒரே பேச்சாக இருந்தார்கள். பிரெஞ்சுக்காரராக இருப்பதா, இந்தியராக ஆவதா என்று வீட்டுக்கு வீடு யோசனை. சொல்தா யோசிக்கவே இல்லை. மகனிடம் போகப்போகிறேன் என்றார். "ஊர இதுல வெச்சி எடுத்துக்கினு போறேன்" என்று ஆல்பத்தைத் தட்டிக் காட்டினார். அந்தக் காலி இடம் இன்னும் காலியாகவே இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

அந்த நிம்மதி ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஒருநாள் தாள் வாங்கப் படக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். நோண்டியதும் வந்தது. என் தொழிலைச் சொல்தா கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் வீடு வீடாக அலையவில்லை. 'பழைய படம் கொண்டுவந்தால் புதுக் கண்ணாடி இலவசம்' என்று கடை வாசலில் எழுதி மாட்டச் சொல்லி, கண்ணாடிக் காசைத் தான் கொடுத்துவிட்டு, உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். முத்தியால்பேட்டை நடராசர் தானாக ரிக்‌ஷாவில் வந்து இறங்கியிருக்கிறார்.

"பாலம் இருந்திச்சாண்ணே?"

"இருந்திச்சி. ஆள் குதிச்சே புட்டாரு."

அழுகை வரவில்லை. வந்தது வெறும் கோபம். வீட்டுக்குப் போய் எல்லாத் தகரங்களையும் ஒரு பழைய புடவையில் மூட்டையாகக் கட்டினேன். அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு சொல்தா வீட்டுக்குப் போனேன்.

அவர் வீட்டில் பெட்டிகள் வாய் திறந்து கிடந்தன. ஆல்பத்தை எடுத்து, கேட்காமலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். காலி இடம் நிரம்பியிருந்தது. பாலம். நீளமாக, இரும்புக் கால்களோடு, புயலுக்கு முன்னால் இருந்த மாதிரியே. அதன் அடியில் சலங்குகள், சலங்கு முழுக்க ஆட்கள். கையில் வாங்கிப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

"இத்த எனக்குக் குடுங்க. பதிலுக்கு எதுனா எடுத்துக்குங்க" என்று மூட்டையை அவிழ்த்தேன்.

அவர் தகரங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். சைகோன் தகரத்துக்கு வந்ததும் கை நின்றது. ஒரு கார்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மரங்கள் வரிசையாக நிற்கிற ஒரு தெரு. "இந்தத் தெருவுலதான் நாங்க ரெண்டு பேரும் குடியிருந்தோம்" என்றார். பிறகு வியாபாரியாகிவிட்டார்.

"மொத்தத்தையும் வெச்சிட்டுப் போறியா?"

"வெச்சிட்டுப் போறேன்."

நான் பேரம் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். இத்தனை வருஷம் ஒரு கார்டுக்கு அரைமணி நேரம் மல்லுக்கட்டியவள் ஆயிற்றே. சந்தேகம் வந்துவிட்டது. பூதக்கண்ணாடியை எடுத்துப் பாலத்தை மேலும் கீழும் பார்த்தார். "இதுல இன்னா இருக்குது? உண்மைய சொல்லு."

"எங்கப்பா இருக்காரு."

"எதுல? எந்த ஆளு?"

"தெரியாது."

அவர் கண்ணாடியை இறக்கி வைத்தார். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா சும்மா குடுத்திருப்பீங்களா?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "மாட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்தது. தகரங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார், ஒன்றுகூடத் திருப்பித் தரவில்லை. பனிமலையும் ஏரியும் பிரான்சுக்கே திரும்பிப் போய்விட்டன. அவரிடம் எனக்கு ஒரே ஒரு மரியாதை உண்டு. பொய் சொல்லவில்லை அவர்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் கையில் கார்டைக் கொடுத்தேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள், இன்னொரு தடவை துடைத்தாள், அப்புறம்தான் வாங்கினாள். தேடவே இல்லை. விரல் நேராக ஓரிடத்துக்குப் போனது. "இதோ" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

நான் குனிந்து பார்த்தேன். மூன்றாவது சலங்கில், கடுகு அளவுக்கு ஒரு தலை. மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை. ஒரு புள்ளி. அதற்குக் கீழே ஒரு கோடு, உடம்பு. எட்டு வருஷம் நான் ஒரு முகத்தைத் தேடினேன். ஊர்க் காட்சியில் ஆள் எவ்வளவு பெரிதாக இருப்பான் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. ஆயிரம் கார்டுகள் கையில் புரண்டிருக்கின்றன, ஒவ்வொன்றிலும் புள்ளி புள்ளியாக ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அப்பா மட்டும் பெரிதாக நிற்பார் என்று எப்படி நம்பினேனோ! அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அம்மா கூப்பிடவும் இல்லை.

ஆனாலும் படத்தைச் சட்டம் போட வேண்டும். படக்கடைக்காரர் காசு வாங்கவில்லை, குற்ற உணர்ச்சி இருந்திருக்கும். "பின்னால வெறும் அட்டைதான வெக்கறீங்க?" என்று பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வாங்கிவந்தேன்.

வெள்ளிக்கிழமை முருகனுக்குக் கீழே அதை மாட்டினோம். செத்தவர்கள் படத்துக்கு நெற்றியில் பொட்டு வைக்க வேண்டும். அம்மா சந்தனத்தைக் குழைத்து விரல் நுனியில் எடுத்துக்கொண்டு போனாள். கண்ணாடிக்குக் கிட்டே போன விரல் நின்றுவிட்டது. எந்தப் பக்கமாக வைத்தாலும் ஆள் முழுசாக மறைந்துவிடுவார். விரலை இப்படியும் அப்படியும் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

வாசல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "மூஞ்சியே தெரியாத படத்துக்கு எங்க பொட்டு வெப்ப? இதுக்கா நான் எல்லாத்தையும் குடுத்துட்டு வந்தேன்? அன்னிக்கே வாங்கியிருந்தா அவரே நான் இதோ இருக்கேன்னு காட்டியிருப்பாரு. எனக்கு ஒண்ணும் தெரியலியேம்மா!"

அம்மா திரும்பினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"இங்க பாரு" என்று விரலால் காட்டினாள். "மத்தவனெல்லாம் குந்திக்கினு இருக்கான். இவரு மட்டும் படகு ஓரத்துல ஒரு கால வெச்சிக்கினு, இடுப்புல கைய வெச்சிக்கினு, மேல இருக்கறவன்கிட்ட சண்ட போடறாரு. இத்த வெச்சித்தான் அன்னிக்கே கண்டுபுடிச்சேன். மூஞ்சியா தெரிஞ்சிது?"

நான் குனிந்து என்னைப் பார்த்தேன். இடது கால் நிலைப்படியின் மேல் இருந்தது. கை இடுப்பில் இருந்தது.

அம்மா சந்தனத்தைக் கண்ணாடியில் வைக்கவில்லை. மூன்றாவது சலங்குக்கு நேர் கீழே, மரச் சட்டத்தில் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தாள். "ஆளே வூட்ல இருக்காரு, படம் எதுக்குன்னு அப்பவே சொன்னேன்" என்றாள். விரலைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். காலை எடு என்று அவள் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை.